பனியில் தூங்கிய கிருமி எழுந்தால் நமக்கு என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றிச் சுற்றி வந்தது. "சைபீரியாவில் 48,500 வருஷம் தூங்கிய ஸோம்பி வைரஸ் எழுந்துவிட்டது, இன்னொரு நடமாட்டக் கட்டுப்பாடு வரப்போகிறது, அரிசி வாங்கி வையுங்கள்" என்று யாரோ மூச்சு வாங்கப் பேசுகிறார். நான் பினாங்கின் பெருநிலப் பக்கம் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். அது போதாதா? பிறை சந்தையில் மீன் வாங்க நின்றால்கூட யாராவது பிடித்துக்கொண்டு கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேட்டவற்றையும் என் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

48,500 வருட வைரஸ் எழுந்தது உண்மையா, புரளியா?

உண்மைதான். எண்ணும் சரி. சொல்லாமல் விட்டதில்தான் விஷயம் இருக்கிறது.

பிரான்சின் எக்ஸ்-மார்செய் பல்கலைக்கழகத்தில் ழான்-மிஷேல் கிளவரி, ஷான்டால் அபெர்ஜெல் இருவரின் குழு பல வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறது. 2014-ல் சைபீரியாவின் சுக்கோட்கா பகுதி மண்ணிலிருந்து 30,000 வருடப் பழைய வைரஸ் ஒன்றை எழுப்பினார்கள். அதற்குப் பித்தோவைரஸ் என்று பெயர். பித்தோஸ் என்றால் கிரேக்கத்தில் பெரிய மண் தாழி. வைரஸும் தாழி வடிவத்தில்தான் இருக்கிறது. நீளம் 1.5 மைக்ரோமீட்டர். எங்கள் ஆய்வுக்கூடத்துச் சாதாரண நுண்ணோக்கியிலேயே புள்ளியாகத் தெரியும் அளவு, வைரஸுக்கு அது ராட்சத உருவம். 2023 பிப்ரவரியில் அதே குழு இன்னும் 13 வைரஸ்களை எழுப்பியதாகக் கட்டுரை வெளியிட்டது. அதில் மூத்தது, யாகுட்டியாவில் ஓர் ஏரிக்கு அடியிலிருந்த மண்ணில் கிடைத்த 48,500 வருடத்து வைரஸ்.

குரல் பதிவு விட்டுவிட்ட விஷயம் இதுதான்: இவை அத்தனையும் அமீபாவை மட்டும் தாக்கும் வைரஸ்கள். அமீபா என்பது சேற்றிலும் குளத்திலும் வாழும் ஒற்றைச் செல் உயிர். உருகிய மண்ணைக் கொஞ்சம் எடுத்து, அமீபா வளரும் தட்டில் விட்டு, அமீபா சாகிறதா என்று பார்த்தார்கள். செத்தால் உள்ளே வைரஸ் இருக்கிறது. தூண்டிலில் மாட்டிய புழுவைப் பொறுத்துத்தான் மீன் அகப்படும். மனிதச் செல்லைத் தூண்டிலாகப் போடாமல், நமக்கு வெகு தூரத்து உறவான அமீபாவைப் போட்டதே பாதுகாப்புக்காகத்தான்.

இந்தக் கிருமிகள் தூங்கும் பெர்மாஃப்ரோஸ்ட் என்றால் பனிமலையா?

இல்லை, மண். தொடர்ந்து 2 வருடத்துக்குக் குறையாமல் 0 டிகிரியிலோ அதற்குக் கீழேயோ உறைந்து கிடக்கும் நிலத்துக்கு அந்தப் பெயர். நிரந்தர உறைநிலம் என்று சொல்லலாம். மண், மணல், வேர், புல், எலும்பு எல்லாம் ஐஸோடு சேர்ந்து இறுகிக் கிடக்கும். ஒரு கிண்ணம் ஐஸ் கச்சாங்கை அவரை, சோளம், ஜெல்லியோடு அப்படியே ஃப்ரீஸரில் வைத்தால் மறுநாள் எப்படிக் கல்லாகி இருக்கும், அது மாதிரி. வட அரைக்கோள நிலப்பரப்பில் ஏறக்குறைய கால் பங்குக்கு அடியில் இப்படித்தான் இருக்கிறது. மேலே ஓர் அடுக்கு மட்டும் கோடையில் உருகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். வெப்பம் கூடக் கூட அந்த அடுக்கு ஆழமாகப் போகிறது.

இத்தனை ஆயிரம் வருடம் எப்படி உயிரோடு இருக்கும்? நம்ப முடியவில்லையே.

எனக்கு இது வாரா வாரம் நடக்கிற விஷயம், அதனால் ஆச்சரியம் கொஞ்சம் குறைவு.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீஸர் ஒன்று இருக்கிறது. கதவைத் திறந்தால் வெள்ளைப் புகை காலில் வந்து விழும். உள்ளே சுண்டுவிரல் அளவு குப்பிகள், ஒவ்வொன்றிலும் கிளிசரின் கலந்த திரவத்தில் ஒரு பாக்டீரியா. பரிசோதனை முறைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க இவற்றை அவ்வப்போது எழுப்புவோம். குப்பியை முழுதாக உருக விடக் கூடாது. மேல் பனியை ஒரு கம்பி வளையத்தால் லேசாகச் சுரண்டி, ரத்தம் சேர்த்த சிவப்புத் தட்டில் கோடு கோடாக இழுத்து, 35 டிகிரி சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மறுநாள் காலையில் தட்டைத் திறந்தால், இழுத்த கோடு நெடுக கடுகை உடைத்துப் போட்டது போலப் புள்ளிகள். 2009-ல் உறைய வைத்த கிருமி, நேற்றுத் தூங்கி இன்று எழுந்தது போல இருக்கும்.

ஃப்ரீஸர் கூட வேண்டாம். ஆப்ப மாவுக்குப் போடும் காய்ந்த ஈஸ்டை வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் போட்டால் 10 நிமிடத்தில் நுரைத்துக்கொண்டு வருகிறதே, அதுவும் தூங்கி எழுந்த உயிர்தான். டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைத் தன் உடலுக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு ஈஸ்ட் காய்ந்து போகிறது. தண்ணீர் போன இடத்தில் அந்தச் சர்க்கரை நின்று செல்லின் உறுப்புகள் குலையாமல் தாங்கும். சைபீரியாவில் 46,000 வருடம் உறைந்து கிடந்து எழுந்த நூற்புழுவும் இதே சர்க்கரையை உண்டாக்குகிறது என்று 2023-ல் கண்டார்கள். அலசேயா ஆற்றுப் பக்கம் 24,000 வருடம் தூங்கிய ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு எழுந்து இனமும் பெருக்கியது, 2021-ல். 2012-ல் ரஷ்ய விஞ்ஞானிகள் ஒரு பூச்செடியையே கொண்டு வந்தார்கள்: ஏறக்குறைய 32,000 வருடத்துக்கு முன் அணில் ஒன்று கொலிமா ஆற்றங்கரைப் பொந்தில் சேர்த்து வைத்த பழங்களின் திசுவிலிருந்து. வெள்ளைப் பூ பூத்து, விதையும் விட்டது. மறதிக்கார அணிலுக்கு நன்றி.

ஆனால் எல்லாம் எழும் என்று நினைக்க வேண்டாம். சில வருடத்துக்கு முன் ஒரு தீபாவளி விடுமுறையில் எங்கள் ஃப்ரீஸரின் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. எச்சரிக்கை மணி காவலாளி மேசையில் அடித்திருக்கிறது. அது எதற்கு என்று அவருக்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் எல்லாக் குப்பியிலும் தண்ணீர். நிமோனியாக் கிருமி மாதிரி நாசூக்கான வகைகள் ஒன்றுகூடத் தட்டில் வளரவில்லை. பாசில்லஸ் வகை மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி ஊர் கூட்டி வளர்ந்து நின்றது. அது வித்து கட்டும் இனம், கெட்டியான ஓட்டுக்குள் சுருங்கிவிடும். உறைந்திருப்பதைவிட உருகும் நேரம்தான் கிருமிக்குக் கண்டம். சைபீரிய மண்ணிலும் இதே கதைதான், அங்கே அது ஒவ்வொரு கோடையும் நடக்கிறது.

அந்தக் கிருமி உண்மையிலேயே பழசு, நேற்று கையில் ஒட்டியது இல்லை என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, கேட்டது ஆறாம் படிவம் படிக்கும் ஒரு பிள்ளை. துளையிடும் கருவியின் வெளிப்பக்கத்தில் அடையாளம் தெரிந்த ஒரு பாக்டீரியாவைப் பூசி விடுவார்கள். வெட்டி எடுத்த மண் உருளையின் நடுப்பகுதியில் அந்தப் பாக்டீரியா இல்லை என்றால், வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. வயதைச் சுற்றியுள்ள செடி, வேர்களின் கார்பனை வைத்துக் கணிப்பார்கள். அந்த முறை ஏறக்குறைய 50,000 வருடம் வரைதான் எட்டும். செய்தியில் வரும் வயதுகள் 46,000, 48,500 என்று அந்த எல்லைக்குப் பக்கத்தில் நிற்பதைக் கவனியுங்கள்.

இதுவரை உறைநிலத்திலிருந்து வந்த கிருமியால் மனிதர் யாராவது செத்திருக்கிறார்களா?

ஆம். ஆனால் அது வரலாற்றுக்கு முந்தைய பூதம் இல்லை, நம் பாட்டன் காலத்து ஊர்க்காரர்களுக்கே பெயர் தெரிந்த அடைப்பான் நோய், ஆந்த்ராக்ஸ்.

2016 கோடையில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் வெயில் 35 டிகிரி வரை போனது. நம் புக்கிட் மெர்தாஜம் மத்தியான வெயில் அது, அங்கே கேள்விப்படாதது. மேல்மண் வழக்கத்தைவிட ஆழமாக உருகியது. முன்பு அடைப்பானில் செத்துப் புதைந்த மான்களிலிருந்து வித்துகள் வெளியே வந்து புல்லிலும் தண்ணீரிலும் கலந்தன என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். 2,000-க்கும் மேற்பட்ட துருவ மான்கள் செத்தன. மான் மேய்க்கும் நெனெட்ஸ் மக்களில் பல பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். 12 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அந்தப் பகுதியில் அதற்கு முன் நோய் வந்தது 1941-ல்.

எனக்கு இந்தக் கதையில் உறுத்துவது ஐஸ் இல்லை. மான்களுக்குப் போட்டு வந்த தடுப்பூசியை 2007-ல் நிறுத்தியிருந்தார்கள். பல வருடமாக நோய் இல்லையே, எதற்குச் செலவு என்ற கணக்கு. வித்து மண்ணுக்குள் காத்திருந்தது, ஆள்தான் மறந்து போனான். அடைப்பானுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யும், ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவது மிக அபூர்வம். அதனால்தான் அது யமாலிலேயே நின்றது.

உறைந்த பிணங்களில் பெரியம்மையும், 1918-ல் உலகம் முழுக்கப் பரவிய ஃப்ளூ காய்ச்சலும் இருக்கிறதாமே?

தேடிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அலாஸ்காவின் பிரெவிக் மிஷன் என்ற சிற்றூரில் 1918 நவம்பரில் 80 பெரியவர்களில் 72 பேர் ஐந்தே நாளில் இறந்தார்கள். எல்லாரையும் உறைநிலத்தில் ஒரே குழியில் புதைத்தார்கள். யோஹான் ஹுல்டின் என்ற மாணவர் 1951-ல் ஊரார் அனுமதியோடு தோண்டி, நுரையீரல் துண்டுகளை எடுத்துப் போய் முட்டையிலும் விலங்கிலும் வளர்த்துப் பார்த்தார். எதுவும் வளரவில்லை. வைரஸ் செத்திருந்தது. விடாமல் 1997-ல், 72 வயதில், மறுபடி அதே ஊருக்குப் போனார். அப்போது கிடைத்த நுரையீரலில் வைரஸின் மரபுச் சங்கிலி துண்டு துண்டாக இருந்தது. அதைப் படித்து, 2005-ல் அமெரிக்க ஆய்வுக்கூடத்தில் அந்த வைரஸைத் திரும்பக் கட்டினார்கள்.

இந்தக் கதையைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இயற்கை 80 வருடம்கூடக் காப்பாற்றாத வைரஸை மனிதன் எழுத்துக்கூட்டி எழுப்பினான். பெரியம்மையும் இப்படித்தான்: யாகுட்டியாவில் 300 வருடத்து உறைந்த உடலில் அதன் மரபுத் துண்டுகள் கிடைத்ததாக 2012-ல் எழுதினார்கள், உயிருள்ள வைரஸ் இல்லை. உயிருள்ள பெரியம்மை இன்று அதிகாரபூர்வமாக இரண்டு இடங்களில் இருக்கிறது, அமெரிக்காவில் ஒன்று, ரஷ்யாவில் ஒன்று. இரண்டும் ஃப்ரீஸர்கள், இரண்டுக்கும் பூட்டு மனிதன் கையில்.

அப்படியானால் வேண்டுமென்றே எழுப்பிப் பார்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது இல்லையா?

எதை எழுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. அமீபா வைரஸ், புழு, பூச்செடி என்றால் எனக்குக் கவலை இல்லை. 2021-ல் ரஷ்யாவின் வெக்டர் வைரஸ் ஆய்வு மையம் மாமூத் போன்ற பழைய விலங்குகளின் உடல்களில் வைரஸ் தேடத் தொடங்கியது. அங்கே எனக்கு நெஞ்சு கொஞ்சம் இடிக்கிறது. பாலூட்டியைத் தாக்கிய வைரஸ் நமக்கு அமீபா வைரஸ்போல அந்நியம் இல்லை. மரபுச் சங்கிலியை மட்டும் படித்தால் போதும், உயிரோடு வளர்த்துப் பார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. எங்கள் வேலையில் கை தவறாத ஆள் கிடையாது, என்னையும் சேர்த்து.

மாமூத் யானையைத் திரும்பக் கொண்டு வருகிறார்களா?

உறைந்த மாமூத்தில் உயிருள்ள செல் ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை. இப்போது சொல்வதெல்லாம் இன்றைய விலங்கின் மரபை மாற்றி மாமூத் சாயலைக் கொண்டு வருவது. 2025 மார்ச் வரை கையில் இருந்தது முடி அடர்ந்த எலிகள்.

யாரும் பார்த்திராத கிருமி வந்து கோவிட் மாதிரி பரவ வாய்ப்பே இல்லையா?

இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2023-ல் சில ஆய்வாளர்கள் கணினிக்குள் ஒரு செயற்கை உலகத்தை உண்டாக்கி, பழங்காலக் கிருமிகளை விட்டுப் பார்த்தார்கள். பல பிழைத்துக்கொண்டன, ஆனால் பெரும்பாலானவை அந்த உலகத்தை அவ்வளவாக மாற்றவில்லை. ஏறக்குறைய நூற்றில் ஒன்று அந்த உலகத்தைக் கலக்கியது. கணினி உலகம் கணினி உலகம்தான். ஆனால் உருகும் நிலத்திலிருந்து வருடா வருடம் வெளியே வரும் நுண்ணுயிர்களை எண்ணி முடியாது என்பதால், நூற்றில் ஒன்றையும் தூக்கி எறிய முடியாது என்றார்கள்.

என் கணக்கு வேறு. எழுந்த கிருமி பரவ வேண்டுமானால் அதற்குத் தங்க ஓர் உடல் வேண்டும், அந்த உடல் இன்னொன்றின் பக்கத்தில் இருக்க வேண்டும். சைபீரியச் சேற்றில் அது எழுந்து யாரும் வராமல் வெயில் பட்டுச் செத்துப்போகும். சுரங்கம் தோண்ட ஆயிரம் பேர் போய்க் கூடாரம் போட்டால் கதை மாறும். உறைநிலத்துக்கு அடியில் இருக்கும் எண்ணெயும் உலோகமும்தான் நான் கண் வைக்கும் இடம்.

நமக்கு இங்கே ஐஸே இல்லை. பினாங்கில் இருந்துகொண்டு எதற்குப் பயப்பட வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் பட்டர்வொர்த் கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கும் ஓர் அங்கிள். சர்க்கரை நோய் உண்டு, வீட்டுக்குப் பின்னால் வெறுங்காலோடு தோட்டம் கொத்துவார். அவரிடம் நான் சைபீரியாவைப் பேசவில்லை. மெலியோய்டோசிஸ் பற்றிச் சொன்னேன்.

அந்த நோயைத் தருவது நம் மண்ணிலேயே, நம் வயலிலேயே இருக்கும் பாக்டீரியா. மழை பெய்து சேறான பிறகு காலில் உள்ள வெடிப்பு வழியாகவோ மூச்சு வழியாகவோ உள்ளே போகும். சர்க்கரை நோயாளியை அதிகமாகப் பிடிக்கும். காசநோய்போலவும் வரும், சாதாரணக் கட்டிபோலவும் வரும். அதனால் மருத்துவர்களே தடுமாறுவார்கள். கோலாலம்பூரில் உள்ள மருத்துவ ஆய்வுக் கழகத்தில் 1913-ல் ஆய்வு விலங்குகளிடையே இது பரவியபோது ஸ்டான்டன், ஃபிளெட்சர் என்ற இரண்டு மருத்துவர்கள் வருடக்கணக்கில் இதன் பின்னால் அலைந்தார்கள்; நோய்க்கு இந்தப் பெயரை வைத்தவர்களும் அவர்களே. தூங்கும் கிருமி வேண்டுமானால் இதோ: தாய்லாந்தில் இந்தப் பாக்டீரியாவை வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரில் போட்டு வைத்தார்கள். உணவு ஒன்றும் இல்லை. 16 வருடம் கழித்தும் உயிரோடு இருந்தது. ஐஸ் எதற்கு? எங்கள் தட்டில் சுருங்கிய பூ மாதிரி மடிப்பு மடிப்பாக இது வளர்ந்து நிற்பதைப் பார்த்தால் பிரிவே ஒரு நிமிடம் பேச்சை நிறுத்தும்.

அப்புறம் நிப்பா. 1998-ல் ஈப்போ பக்கம் பன்றிப் பண்ணைக்காரர்களுக்குக் காய்ச்சல் வந்தபோது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து மருந்துப் புகை அடித்தார்கள். நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை போனது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவர் சுவா கவ் பிங் 1999-ல் வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் அது உலகம் பார்த்திராத புது வைரஸ் என்று தெரிந்தது. பழந்தின்னி வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழுந்து, பன்றி தின்று, பன்றியிலிருந்து ஆளுக்கு வந்தது. 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளைக் கொன்றார்கள். அந்த வைரஸ் எந்தப் பனியிலும் தூங்கவில்லை, மாமரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அங்கிள் இப்போது ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கொத்துகிறார். படம் எடுத்துக் குழுவிலும் போட்டார்.

உறைநிலத்துக் கிருமிகளுக்கு நம் மருந்து கேட்குமா?

சிலவற்றுக்குக் கேட்காது. கனடாவின் யூக்கான் பகுதியில் 30,000 வருட மண்ணில் ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் மரபணுக்களை 2011-ல் கண்டார்கள். பெனிசிலின் கண்டுபிடித்ததே 1928-ல். பூஞ்சையும் பாக்டீரியாவும் மண்ணுக்குள் ஒன்றை ஒன்று மருந்தடித்துக் கொன்றுகொண்டு எத்தனையோ காலமாக வாழ்கின்றன, எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. ஆனால் மருந்து கேட்காத கிருமியைப் பார்க்க நான் யூக்கான் போக வேண்டியதில்லை, இன்று காலைத் தட்டிலேயே இரண்டு இருந்தன. சளிக்கு வாங்கிய மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, மீதியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது நம் தாமானில்தான் நடக்கிறது.

கிருமி பெரிய பயம் இல்லை என்றால், உறைநிலம் உருகுவது பரவாயில்லையா?

பரவாயில்லை என்று யார் சொன்னது? அங்கே உறைந்து கிடக்கும் கார்பன், காற்றில் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண் உருகினால் சாதாரண, யாரையும் கொல்லாத பாக்டீரியாக்கள் எழுந்து பழைய வேரையும் இலையையும் தின்று கரியமில வாயுவும் மீத்தேனும் விடும். உலகம் இன்னும் சுடும், இன்னும் உருகும். எழுந்தால் உலகத்துக்கே பாதிப்பு என்று குரல் பதிவு போட வேண்டுமானால் இந்தப் பாக்டீரியாக்களைப் பற்றிப் போடலாம். பரபரப்பு இல்லை, அதனால் யாரும் போட மாட்டார்கள்.

ஃப்ரீஸரில் வைத்த இறைச்சியில் கிருமி செத்துவிடும்தானே?

சாகாது. தூங்கும், அவ்வளவுதான். ஐஸ் ஆட்டுக்கறியைக் காலையில் சிங்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போய் மாலையில் சமைப்பவர்கள் சைபீரியாவைச் சமையலறையில் நடத்துகிறார்கள். முந்தைய இரவே ஃப்ரிஜ்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள். உருகியதைச் சமைக்காமல் திரும்ப உறைய வைக்க வேண்டாம்.

"சின்னம்மா, அந்த 46,000 வருஷப் புழு இப்போ எங்கே இருக்கு?"

என் அக்கா மகன், வயது ஒன்பது. எழுந்த புழுக்கள் செத்துப் போய்விட்டன, ஐயா. அந்த இனத்துக்கு ஆயுளே கொஞ்ச நாள்தான்; உறைந்து கிடந்த காலத்தை ஆயுளில் சேர்ப்பதா வேண்டாமா என்று நீயே முடிவு பண்ணிக்கொள். ஆனால் அவற்றுக்கு ஆண் துணை தேவையில்லை, தானாகவே முட்டையிடும். அப்படிப் பல தலைமுறை ஆகிவிட்டது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள அதன் பேத்தி, பேத்தியின் பேத்திகள் ஆய்வுக்கூடத் தட்டில் பாக்டீரியாவைத் தின்றுகொண்டு நெளிந்துகொண்டிருக்கின்றன. இல்லை, ஒன்று வாங்கி வளர்க்க முடியாது.